லார்ஜ் ஃப்ரேம் எடுத்து சீட்டை இறக்கிக்கொள்ளலாமா?

கேட்டவருடைய விவரம் இது: உயரம் 168 செ.மீ., அதாவது ஐந்தரை அடி. உள்கால் அளவு 77 செ.மீ. ஊர் கோவை. வாரநாளில் தார்ரோடு, ஞாயிற்றுக்கிழமை மருதமலை அடிவாரத்து மண்பாதை, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கோத்தகிரிப் பக்கம். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் வகை மலைச் சைக்கிள், 29 இன்ச் சக்கரம் உள்ளது, வாங்கப் போகிறார். பிடித்த மாடலில் மீடியம் ஸ்டாக் இல்லை. “லார்ஜ் இருக்கு, சீட்டை இறக்கிக்கலாம், வித்தியாசமே தெரியாது” என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். மீடியம் வரும்வரை பொறுத்திருங்கள், இல்லையென்றால் வேறு மாடல் பாருங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் இதே பேச்சைக் கேட்டு இதே தவறைச் செய்தவன் நான்.

2012இல் வாங்கிய என் முதல் மலைச் சைக்கிள் 19 இன்ச் ஃப்ரேம். என் உயரம் 170 செ.மீ. அன்றைக்குக் கடையில் இருந்தது அது ஒன்றுதான். சீட்டை இறக்கிக் கொடுத்தார்கள், தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. மூன்று மாதம் கழித்து கோத்தகிரிக்குக் கீழே ஓர் எஸ்டேட் பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு வளைவில் ஜல்லி சரிந்து வண்டி நின்றுவிட்டது. பழக்கத்தில் பள்ளத்துப் பக்கக் காலை ஊன்றப் போனேன். அங்கே தரையே இல்லை. மண் ஒரு சாண் கீழே இருந்தது. அதற்குள் பார், அதாவது சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடும் மேல்கம்பி, கவட்டையில் இடித்து, சைக்கிளோடு சேர்ந்து தேயிலைச் செடிகளுக்குள் சாய்ந்தேன். தூரத்திலிருந்து மெத்தை மாதிரி தெரியும் தேயிலைத் தோட்டத்தில், கவாத்து வெட்டிய கிளையின் நுனிகள் உளி மாதிரி நிற்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துவிட்டது.

கடைத்தளம் சமதளம், மலை சமதளம் இல்லை. இதை அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடையில் பாருக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும் என்று தோன்றும். சரிவில் ஒரு கால் ஐந்து முதல் பத்து செ.மீ. கீழே போகும், அந்த இரண்டு விரல் காணாமல் போய்விடும்.

ஆனால் பார் உயரம்கூடப் பாதி விஷயம்தான். இன்றைய ஃப்ரேம்களில் பார் பின்பக்கம் நன்றாகச் சரிந்திருப்பதால் லார்ஜில்கூட சமாளித்துவிடலாம். பெரிய சிக்கல் நீளம். சீட்டின் உயரத்தை ஓர் ஆலன் கீ வைத்து ஒரு நிமிடத்தில் மாற்றலாம். ஃப்ரேமின் நீளத்தை வெல்டிங் செய்தவர் முடிவு செய்துவிட்டார், அதன்பின் யாராலும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியதைக் காட்டி மாற்ற முடியாததை நம் தலையில் கட்டுவதுதான் “சீட்டை இறக்கிக்கலாம்” என்ற பேச்சு.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி தெளிந்துவிடும். முதலில், 26 இன்ச், 27.5 இன்ச், 29 இன்ச் என்பது சக்கரத்தின் அளவு. 15, 17, 19 இன்ச் என்பது ஃப்ரேமின் அளவு. இரண்டையும் போட்டுக் குழப்புபவர்கள் ஏராளம். ஃப்ரேமில் இந்த இன்ச் எதைக் குறிக்கிறது என்றால் சீட் ட்யூபின் நீளத்தை, அதாவது பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட் கம்பி நுழையும் வாய் வரை. நம் ஊரில் 22 இன்ச், 24 இன்ச் என்று விற்ற கருப்புச் சைக்கிள்களும் இந்தக் கணக்குதான். அப்பாவின் 24 இன்ச் வண்டியில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தவர்களுக்கு ஃப்ரேம் பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்று உடம்புக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் இந்த ஒற்றை எண் போதுமானதாக இருந்தது. பார் தரைக்கு இணையாகப் படுத்திருந்தது, சீட் ட்யூப் நீண்டால் அதற்கேற்ப மற்றதும் நீண்டது. மலைச் சைக்கிள் வந்தபின் இது மாறியது. கலிஃபோர்னியாவில் மாரின் கவுண்டியின் டமால்பைஸ் மலையில் 1970களில் இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலை இறக்கத்தில் ஓட்டிப் பந்தயம் வைக்க ஆரம்பித்தார்கள். 1976இல் ரீபேக் என்ற பந்தயம் தொடங்கியது, அடுத்த ஆண்டே அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இதற்கென்று தனியாக ஃப்ரேம் கட்டினார். மலையில் ஓட்ட ஓட்ட, காலுக்கு இடையில் இடம் வேண்டும் என்பதற்காகப் பார் பின்பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. சீட் ட்யூப் குட்டையானது, ஆனால் நீளம் குறையவில்லை, உண்மையில் கூடியது. 1990களின் பிற்பகுதியில் அதே கூட்டத்தைச் சேர்ந்த கேரி ஃபிஷர் நீண்ட ஃப்ரேமும் குட்டை ஸ்டெம்மும் சேர்ந்த வடிவத்தைக் கொண்டுவந்தார். ஹேண்டிலை ஃப்ரேமோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம். 2012, 13 வாக்கில் ஸ்பெயினின் மாண்ட்ரேக்கர் கம்பெனி அதை இன்னும் ஒரு படி தள்ளியது. இப்போது சீட் ட்யூப் இன்ச்சை வைத்து நீளத்தைச் சொல்லவே முடியாது. ஒரு கம்பெனியின் 17 இன்ச்சும் இன்னொரு கம்பெனியின் 17 இன்ச்சும் நீளத்தில் மூன்று செ.மீ. வேறுபடலாம். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்பதும் சட்டைக் கடை மாதிரிதான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டிய எண் ரீச். பெடல் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலாக ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டிலிருந்து ஹெட் ட்யூபின், அதாவது ஃப்ரேமின் முன்னால் ஹேண்டில் நுழையும் குழாயின், மேல்வாய் நடுப்புள்ளி வரை கிடைமட்டமாக அளந்தால் வருவது ரீச். அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள உயரம் ஸ்டாக். சீட்டில் இருந்து எழுந்து பெடலின் மேல் நிற்கும்போது உங்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு முழுவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. மலைப்பாதையில் இறக்கம் முழுக்க நாம் நின்றுதான் ஓட்டுகிறோம். அப்போது சீட் எந்த உயரத்தில் இருந்தால் என்ன? கை எட்ட வேண்டிய தூரம் லார்ஜில் லார்ஜாகவே இருக்கும்.

ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் ரீச்சில் வித்தியாசம் பொதுவாக 20 முதல் 25 மி.மீ. இருக்கும். ஒரு கட்டைவிரல் அகலம்தானே என்று தோன்றலாம். என் 19 இன்ச்சில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். கை நீட்டமாக இருப்பதால் உடம்பின் எடை உள்ளங்கையின் வெளி ஓரத்தில் விழுந்து அங்கே ஓடும் நரம்பை அழுத்துகிறது. கழுத்தைத் தூக்கியே பார்க்க வேண்டியிருப்பதால் பிடரியில் வலி. இறக்கத்தில் முழங்கை மடங்காமல் விறைத்து நிற்பதால் ஒவ்வொரு கல்லும் நேராகத் தோள்பட்டையில் வந்து அடிக்கும். முன்சக்கரத்தின் மேல் போதுமான எடையைக் கொண்டுபோக முடியாததால் வளைவில் அது வெளியே வழுக்கும். அன்றைக்கு நான் விழுந்த வளைவில் நடந்ததும் அதுதான் என்று இப்போது புரிகிறது. ஜல்லியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

உங்கள் அளவுக்கு வருவோம். பழைய வழிக் கணக்கு ஒன்று உண்டு: உள்காலை 0.226ஆல் பெருக்கினால் மலைச் சைக்கிளின் ஃப்ரேம் இன்ச்சில் வரும். 77க்கு 17.4. மீடியம் என்று விற்பவை பெரும்பாலும் 17, 18 இன்ச் பக்கம்தான், ஆக இந்தக் கணக்கும் மீடியத்தைத்தான் காட்டுகிறது. ஆனால் இதை ஒரு தொடக்கமாக மட்டும் வையுங்கள். 168 செ.மீ. உயரத்துக்கு, நீங்கள் சொல்லும் கலவையான ஓட்டத்துக்கு, ரீச் 410 முதல் 435 மி.மீ. வரை உள்ள ஹார்ட்டெயில் பொருந்தும் என்பது என் அனுபவம். கரடுமுரடான இறக்கத்துக்கென்றே செய்த ட்ரெயில் வகை என்றால் 450 வரை போகலாம். அவற்றில் ஸ்டெம் குட்டையாக இருக்கும், சீட் ட்யூபும் நிமிர்ந்திருக்கும்.

இந்த நிமிர்வில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு சைக்கிள், இரண்டுக்கும் ரீச் 430, ஸ்டாக் 620 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் சீட் ட்யூப் கோணம் 73 டிகிரி, இன்னொன்றுக்கு 76. சீட்டில் உட்கார்ந்தால் முதலாவதில் சீட் கம்பியிலிருந்து ஹெட் ட்யூப் வரை கிடைமட்ட நீளம் சுமார் 620 மி.மீ., இரண்டாவதில் 585. நின்று ஓட்டும்போது ஒரே சைக்கிள், உட்கார்ந்தால் மூன்றரை செ.மீ. வேறு! வாரத்தில் ஐந்து நாள் தார்ரோட்டில் உட்கார்ந்தே ஓட்டப் போகும் உங்களுக்கு உட்கார்ந்தால் வரும் இந்த நீளமும் முக்கியம். கம்பெனி தரும் அளவு அட்டவணையான ஜியாமெட்ரி சார்ட்டில் இதை எஃபெக்டிவ் டாப் ட்யூப் என்று போட்டிருப்பார்கள். ரீச்சையும் அதையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன 77 செ.மீ. பேன்ட் அளவாக இருந்தால் மறுபடி அளந்துவிடுங்கள். பேன்டின் உள்கால் அளவு எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள், பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை முதுகுப்பட்டை மேலே இருக்கும்படி கவட்டையில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தூக்குங்கள். கூச்சப்பட்டு லேசாக வைத்தால் இரண்டு செ.மீ. தப்பாகிவிடும். புத்தகத்தின் இன்னொரு ஓரம் சுவரோடு பொருந்தியிருக்க வேண்டும், சாய்ந்திருக்கக் கூடாது. மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் வேறு ஒருவர் பென்சிலால் கோடு போடட்டும். மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை உயரம் கிடைக்கும். சாலைப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரோடு வழங்கும் கணக்கு இது. உங்களுக்கு 68 செ.மீ. மலைக்கு அதைவிட ஒரு செ.மீ. குறைத்து வைப்பது எனக்குப் பிடிக்கும். சீட் உயரம் சரியா என்று பார்க்கக் கையால் செய்யும் சோதனை: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நீண்டிருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது.

லார்ஜ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இந்த 68இல் இருக்கிறது. பிற்பாடு நீங்கள் ட்ராப்பர் போஸ்ட் போட விரும்புவீர்கள். ஹேண்டிலில் உள்ள பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்கும் கம்பி அது, மலை இறக்கத்தில் அதைப் பழகியவர்கள் திரும்பப் பழைய கம்பிக்கு வரமாட்டார்கள். மீடியத்தின் சீட் ட்யூப் 43 செ.மீ. என்றால் 68இல் மீதி 25. சீட்டின் தடிமன் நாலரை போக 20.5. ட்ராப்பரின் தலையும் கழுத்தும் ஐந்தரை எடுத்துக்கொள்ளும். 150 மி.மீ. இறங்கும் ட்ராப்பர் மயிரிழையில் பொருந்தும், 125 தாராளமாகப் பொருந்தும். லார்ஜின் சீட் ட்யூப் 47 என்றால் இதே கணக்கில் 110தான் மிச்சம், 100 மி.மீ. ட்ராப்பரோடு நின்றுவிட வேண்டும். சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்ற சைக்கிளில்தான், சீட் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது.

பார் உயரத்துக்கும் ஒரு வார்த்தை. வெறுங்கால் 77, ஷூவின் அடிப்பாகம் இரண்டு செ.மீ. சேர்த்தால் 79. சார்ட்டில் ஸ்டேண்ட்ஓவர் என்ற எண், அதாவது தரையிலிருந்து பார் வரை உள்ள உயரம், 74ஐத் தாண்டாமல் இருந்தால் ஐந்து செ.மீ. கிடைக்கும். மண்பாதைக்கு அது குறைந்தபட்சம்.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது பெரும்பாலானவர்கள் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வருவார்கள். அதில் எதுவும் தெரியாது, எந்தச் சைக்கிளும் தெருவில் நன்றாகத்தான் இருக்கும். காலியான இடமாகப் பார்த்து, சீட்டை நன்றாகக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நின்றுகொண்டு உருளவிடுங்கள். இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மார்பை ஹேண்டிலை நோக்கி இறக்குங்கள். முழங்கை வெளிப்பக்கமாக மடங்கி நிற்கிறதா? அதே நிலையில் இடம், வலம் என்று வளையுங்கள். கை நீண்டு, வெளிப்பக்கத் தோளும் கூடவே இழுபட்டால் நீளம் அதிகம். முழங்கால் ஹேண்டிலில் இடிக்கப் பார்த்தால், முன்சக்கரம் படபடவென்று திரும்பினால் நீளம் போதவில்லை. பிறகு ஒரு வேகத்தடை மேல் ஏறி இறங்குங்கள். உடம்பை முன்னும் பின்னும் நகர்த்த இடம் இருக்கிறதா என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். முடிந்தால் அதே மாடல் இல்லாவிட்டாலும் அதே ரீச் உள்ள வேறு மீடியத்தில் இதைச் செய்து பாருங்கள்.

இரண்டு அளவுக்கு நடுவில் விழுபவர்கள் என்ன செய்வது என்பது அடுத்து வரும் கேள்வி. கையை விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து பாருங்கள். உயரத்தைவிட ஐந்து செ.மீ. அதிகம் என்றால் பெரியதை யோசிக்கலாம். குறைவு என்றால் சின்னதுதான். சமமாக இருந்தால் எப்படி ஓட்டப் போகிறீர்கள் என்பது முடிவு செய்யும். வேகமாக, நேராக, கல்லுக்கு மேல் பறந்து இறங்குபவர்கள் நீண்ட ஃப்ரேமை விரும்புகிறார்கள், அது வேகத்தில் அலையாது. குறுகலான பாதை, அடிக்கடி வளைவு, மெதுவான ஏற்றம் என்றால் சின்ன ஃப்ரேம் சொன்ன பேச்சைக் கேட்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு எப்போதும் சின்னதையே சொல்வேன். சின்னதைக் கொஞ்சம் பெரிதாக்க வழி உண்டு: ஸ்டெம்மை 10, 15 மி.மீ. நீட்டலாம், அகலமான ஹேண்டில்பார் போடலாம்.

பெரியதைச் சின்னதாக்க அவ்வளவு வழி இல்லை. என் 19 இன்ச்சில் 90 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 60 போட்டேன், விரல் மரப்பது குறைந்தது. ஆனால் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் அப்படியே இருந்தது, குறுகிய வளைவில் அது லாரி மாதிரிதான் திரும்பியது. ஸ்டெம்முக்கு அடியில் வளையங்கள் போட்டு உயர்த்தினால், ஹெட் ட்யூப் சாய்ந்திருப்பதால் 10 மி.மீ. உயர்வுக்கு 3, 4 மி.மீ. அளவு கை எட்ட வேண்டிய தூரம் குறையும், அதுவும் கொஞ்சம் உதவியது. நீளம் குறையட்டும் என்று சீட்டை முன்னால் தள்ளியதுதான் நான் செய்த மோசமான காரியம். முழங்கால் பெடலுக்கு முன்னே போய், முழங்கால் சில்லுக்கு அடியில் வலி பிடித்துக்கொண்டது. சீட்டின் முன்பின் நிலை முழங்காலுக்காக வைப்பது, ஃப்ரேமின் தவறைச் சரிசெய்ய அதைத் தொடவே கூடாது. இரண்டு வருடம் இப்படிச் செலவழித்த பிறகு பாதி விலைக்கு அதை விற்றேன்.

பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் “வளர்ற பையன்தானே” என்று யூனிஃபார்ம் மாதிரி ஓரளவு பெரியதாக எடுப்பதைப் பார்க்கிறேன். யூனிஃபார்மை மடித்துத் தைக்கலாம். கால் எட்டாத சைக்கிளில் பிரேக் பிடித்து நிற்க முடியாத பிள்ளை பயந்துபோய் சைக்கிளையே விட்டுவிடும். 20 இன்ச் சக்கரம் பொருந்தும் வயதில் 20தான். அதை விற்றால் வாங்க ஆள் வரிசையில் நிற்கும். ஸ்மாலுக்கும் கீழே அளவு தேவைப்படும் பெரியவர்களுக்கு 29 இன்ச் சக்கரமே கொஞ்சம் பெரிதுதான், ட்ரெக் போன்ற கம்பெனிகள் சில மாடல்களின் சின்ன அளவுகளுக்கு 27.5 போடுவது அதனால்தான்.

கடைசியாக, சார்ட் கிடைக்காத சைக்கிளுக்கும் செகண்ட் ஹேண்ட் சைக்கிளுக்கும் ரீச்சை நீங்களே அளந்துவிடலாம். பின்சக்கரம் சுவரைத் தொடும்படி சமதளத்தில் சைக்கிளை நேராக நிறுத்தி ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து பெடல் அச்சின் நடு வரை டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து ஓர் அளவு, சுவரிலிருந்து ஹெட் ட்யூபின் மேல்வாய் நடு வரை இன்னோர் அளவு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ரீச். ஐந்து மி.மீ. முன்பின் இருக்கலாம், பரவாயில்லை. நாளைக்கு அந்தக் கடைக்கு ஒரு டேப்போடு போய் அந்த லார்ஜையே அளந்து பாருங்கள். 445க்கு மேல் காட்டினால் அட்வான்ஸ் கொடுக்காமல், மீடியம் எந்தத் தேதிக்கு வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.